லுத்ஃபி பாஷாவின் கண்ணும் யூஸ்தீனாவின் புல்லும்

பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகிழக்கு மூலையில் பல்லாயிரம் ஆண்டுகளாக ஆட்சி செலுத்திவந்த பாலைவனம் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டுவிட்டது. இடம்: கெய்ரோ மாநகரம், டொக்கி, ஐந்தாவது மாடி. லிஃப்ட் பழுது, படியேறி வரவும். இந்த மண்ணில் ஒரு பச்சை இலையைப் பார்க்க ஃபாரோக்களுக்கு நைல் நதியே தேவைப்பட்டது. எங்களுக்கு நான்கு கம்ப்யூட்டரும் ஒரு தேநீர்க்காரரும் போதுமானதாக இருந்தது.

நகரத்துக்கு வெளியே மணலில் மதில் எழுப்பி, உள்ளே வீடு கட்டி விற்கிறவர்கள் முதல் செங்கல்லை வைப்பதற்கு முன்னால் எங்களிடம்தான் வருவார்கள். கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று நாங்கள் படம் செய்து கொடுப்போம். வீட்டை ஒருவர் செய்வார், வானத்தை ஒருவர். நான் மனிதர்களை நட்டுக்கொண்டிருந்தேன். பலூன் பிடித்த குழந்தை, காலையில் ஓடுகிற பொன்முடிப் பெண், தோள் உயரத்துக்கு ஒரு நாய். எகிப்தில் யாரும் கண்டிராத குடும்பம். ஆனால் எல்லோரும் அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டைத்தான் கேட்டார்கள்.

புல், பூண்டு, மரம், கொடி எல்லாம் லுத்ஃபியின் இலாகா.

எங்கள் ஊரில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற எவரும் இஞ்சினியர்; அதில் கொஞ்சம் வயதானவர் பாஷா. லுத்ஃபிக்கு இரண்டும் சேர்ந்திருந்தது. அவர் புல்லைப் பரப்புகிறபோது பேசமாட்டார், பேசவிடவும் மாட்டார். ஒரு கொத்துப் புல்லைச் செய்து, அதை ஆயிரமாயிரம் பிரதியெடுத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் நீட்டிக் குறுக்கித் தரையில் இறைக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடுவதுதான் வேலை. லுத்ஃபி அதற்கு விதைப்பு என்று பெயர் வைத்திருந்தார். விதைத்து முடித்ததும் எழுந்து நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலச்சுவான்தார் வரப்பில் நிற்பதைப்போலத் திரையைப் பார்ப்பார். அவருடைய புல் பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி இருக்கும். ஒரே உயரம், ஒரே பச்சை, எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை. அதைப்பற்றி யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் எகிப்தில் புல்லைப்பற்றி ஒப்பிட்டுப் பேச யாரிடமும் வேறு புல் இல்லை.

இப்படியிருக்க, யூஸ்தீனா வந்தாள்.

ஹெலியோபொலிஸ்காரப் பெண். காதில் எப்போதும் ஒயர், மேஜையில் எப்போதும் பாதி தின்ற கொஷரி. வந்த முதல் வாரமே முதலாளி ஃபிக்ரி பே அவளிடம் ஒரு சின்னத் தோட்டத்தைக் கொடுத்தார். அவள் செய்ததைப் பார்க்க எல்லோரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றோம். பச்சைக்கு அடியில் காய்ந்த புல்தாள்கள் மக்கிக் கிடந்தன. வெயில் புல்லுக்குப் பின்னாலிருந்து வந்து, நுனிகளை மஞ்சளாகக் கொளுத்தியது. தண்ணீர்க் குழாய் கசிகிற இடத்தில் மட்டும் கருகருவென்று தழைத்திருந்தது. நடுவே ஒரு இடத்தில் புல் வட்டமாக நசுங்கிக் கிடந்தது.

"அங்க என்ன ஆச்சு?" என்றார் ஃபிக்ரி பே.

"யாரோ குடும்பத்தோட உட்காந்து எழுந்து போயிருக்காங்க பே. ரவுண்டானாப் புல்லுல வெள்ளிக்கிழமை எல்லாரும் பாயைப் போட்டு உட்கார்றாங்கல்ல, அதைப் போய்ப் படமெடுத்துட்டு வந்தேன்."

"சூரியகாந்தி விதைத் தோலு வேற கிடக்கே."

"அதை வேணா எடுத்துடறேன்."

"எடுக்காதே," என்றார் ஃபிக்ரி பே. குரல் தழுதழுத்தது. இவர் தன் மாமனார் சாவுக்குக்கூட இப்படித் தழுதழுக்கவில்லை. "மாஷா அல்லாஹ். மாஷா அல்லாஹ். உட்காரணும்போல இருக்கு."

லுத்ஃபி எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தார். "உட்கார்ந்த புல்லு," என்றார். "இனி துப்பின புல்லும் வரும்." யாரும் சிரிக்கவில்லை. தேநீர்க்கார ரகப் சித்தப்பா மட்டும் தட்டை ஏந்திக்கொண்டு சிரித்தார், அவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பார்.

அன்றிலிருந்து லுத்ஃபிக்குச் சோறு இறங்கவில்லை. நான் மிகைப்படுத்தவில்லை; அவருக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. வாங்கி வைத்த ஃபூல் ரொட்டி பிரிக்காமல் கிடக்கும், சாயங்காலம் அதை நான் பிரிப்பேன். அவள் படத்தைத் தன் திரையில் திறந்து, பெரிதாக்கி, மேலும் பெரிதாக்கி, ஒவ்வொரு கொத்தாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன பாஷா தேடறீங்க?"

"ஒரே கொத்து ரெண்டு தடவை வந்திருக்கும். வந்தே ஆகணும். பிரதியெடுக்காம எவனாலயும் புல்லு போட முடியாது, ஆண்டவனே பிரதிதான் எடுக்கறான். இங்க பாரு, இந்த வளைஞ்ச தாளு. இதோட அண்ணன் தம்பி எங்கயாவது ஒளிஞ்சிட்டிருப்பான்."

அண்ணனும் கிடைக்கவில்லை, தம்பியும் கிடைக்கவில்லை. பகல் முழுவதும் இன்னொருவரின் புல்லில் பேன் பார்ப்பதுபோல் குனிந்து கிடந்துவிட்டு, கண் சிவந்து வீட்டுக்குப் போவார்.

ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதம் பிறந்ததும் வந்து சேர்ந்தது பெரிய வேலை. 'நார்மண்டி தோட்டங்கள்' என்று ஒரு குடியிருப்பு, இன்னும் முழுக்க முழுக்க மணல். அதன் படம் ரமலான் மாதம் அக்டோபர் பாலத்தின்மேல் விளம்பரப் பலகையாக நிற்கப்போகிறது. அக்டோபர் பாலம் என்றால் எங்கள் தொழிலில் அதற்குமேல் ஒன்றும் கிடையாது. கெய்ரோ முழுவதும் நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடுகிற நேரத்தில் அந்தப் பாலத்தில்தான் சிக்கி, நகர முடியாமல், பலகைகளைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். ஒன்பது ரமலானாக அங்கே நின்ற எங்கள் படங்களில் எல்லாம் லுத்ஃபியின் புல்தான். அவருடைய மனைவியின் அண்ணன்மார் அந்த வழியாகத்தான் வருவார்கள். 'உன் புல்லைப் பார்த்தோம்' என்று நோன்பு திறக்கிற பாயில் ஒரு வார்த்தை சொல்வார்கள். வருஷத்தில் அந்த வீட்டில் அவருக்குக் கிடைக்கிற ஒரே நல்ல வார்த்தை அது.

ஃபிக்ரி பே எல்லோரையும் கூட்டினார். "கலை என்பது போட்டி," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு போடுங்க. நல்லது பாலத்துக்குப் போகட்டும்."

லுத்ஃபி ஒரு முடிவோடு வேலையில் இறங்கினார். வெள்ளிக்கிழமை ரவுண்டானாவுக்குப் போய், பாய் விரித்திருந்த குடும்பங்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புல்லின் குறைகளை ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தார். பிறகு தன் புல்லில் குறைகளை விதைத்தார். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு வழுக்கை. ஒவ்வொரு வழுக்கைக்கும் இடப்பக்கம் ஒரு காய்ந்த கொத்து. நசுங்கின வட்டங்கள் வரிசை தவறாமல், மசூதியில் தொழுகைக்கு நிற்கிற ஒழுங்கில்.

"எப்படி?" என்று என்னைக் கேட்டார்.

"வியாதி ரொம்ப ஒழுங்கா பரவியிருக்கு பாஷா," என்றேன். அதன்பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ரொட்டியும் கிடைக்கவில்லை.

யூஸ்தீனாவின் படம் ஒரு மத்தியானம் முடிந்தது. கம்ப்யூட்டர் அதைக் கணக்குப் போட்டு முழு அளவில் வடித்துக் கொடுப்பதுதான் பாக்கி. திரையில் மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக, அது தெளிந்துகொண்டு வந்தது. லுத்ஃபி எழுந்துபோய் அவளுக்குப் பின்னால் நின்றார். நீண்ட நேரம் நின்றார். அவர் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். பசித்தவன் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற முகம்.

"நல்லா இருக்கு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பின்னால் ஒரு 'மாஷா அல்லாஹ்' இல்லை, 'மரத்தைத் தொட்டுக்கோ' இல்லை. எதிரியின் குழந்தையைப் பார்த்தால்கூட எங்கள் ஊரில் கண் படாமலிருக்க முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள். ஒன்பது வருஷத்தில் லுத்ஃபி ஒருவரையும் பாராட்டியதில்லை என்பதால் அவருக்கு அதில் பழக்கம் இல்லை.

ரகப் சித்தப்பாவின் கையில் தட்டு நின்றது. யூஸ்தீனா காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள். மனிதர் தன் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்வதற்குள் அவள் கம்ப்யூட்டரில் ஒரு சத்தம் கேட்டது, விசிறி அலறியது, திரை கறுத்தது. படம் போயிற்று. திறந்து வைத்திருந்த கோப்பும் கெட்டுப்போயிற்று.

அவள் புல்லின் ஒவ்வொரு தாளையும் நரம்பு முதற்கொண்டு நுணுக்கமாகச் செய்திருந்தாள், அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் அத்தனைக்கு இடம் இல்லை. இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் திரும்பி, "ஒரு மாஷா அல்லாஹ் சொன்னா வாய் தேய்ஞ்சா போயிடும் பாஷா?" என்றாள்.

"நான் பாராட்டத்தானே செஞ்சேன்?"

"அதான் கேக்கறேன். இத்தனை நாளு இல்லாம இன்னிக்கி எதுக்குப் பாராட்டினீங்க?"

"கல்லைப் பொளக்கற கண்ணு," என்றார் ரகப் சித்தப்பா, தட்டிடம் சொல்வதைப்போல. "என் பொஞ்சாதியோட அத்தைக்கு இருந்துச்சு. எருமை செத்துப்போச்சு."

பிறகு நடந்தது ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் நடக்கக்கூடியதுதான். கணக்குப் பார்க்கிற அம்மாள் ஒரு காகிதத்தை எடுத்துப் பொம்மை வெட்டினாள். வேறு தாள் கிடைக்காமல் லுத்ஃபியின் புல்லை அச்செடுத்துப் பார்த்த தாளில் வெட்டியதால் பொம்மை பச்சையாக இருந்தது. இன்னார் கண்ணு, இன்னார் கண்ணு என்று எங்கள் எல்லோர் பெயரையும் சொல்லி ஊசியால் குத்தினாள். என் பெயருக்கு ஒரு குத்து. ஃபிக்ரி பேவுக்கு மரியாதையாக ஒரு குத்து. லுத்ஃபியின் பெயர் வந்ததும் பொம்மையில் குத்துவதற்கு இடம் இல்லாமல் போகும்வரை குத்தினாள். அதைச் சாம்பிராணியில் போட்டுக் கொளுத்திக் கம்ப்யூட்டரைச் சுற்றிக் காட்டினார்கள். லுத்ஃபி தன் இடத்தில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். புகை அவர் கண்ணுக்குள்தான் போயிற்று.

யூஸ்தீனா பழைய கோப்பிலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்த முறை திரையின் மூலையில் திருஷ்டிக்கு ஒரு நீலக்கல் தொங்கியது. லுத்ஃபி கழிப்பறைக்குப் போக எழுந்தால் திரைக்குக் குறுக்கே சால்வையைப் போட்டாள். அவளைப் பார்த்து வீடு செய்கிறவனும் போட்டான். வானம் செய்கிறவனும் போட்டான். அவன் வானத்தை யார் திருடப்போகிறார்கள் என்று தெரியவில்லை. லுத்ஃபி அறையைக் கடக்கிறபோது இரண்டு பக்கமும் திரைச்சீலைகள் விழும், ராஜா வீதியில் வருவதுபோல.

ஒருநாள் காலை ஃபிக்ரி பே வந்து, "லுத்ஃபி பாஷா, கொஞ்சம் வெளியில போயிட்டு வருவோம்," என்றார். எனக்கும் வழியில் இறங்கவேண்டிய வேலை இருந்ததால் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கார் அக்டோபர் பாலத்தில் ஏறியது, வழக்கம்போல நின்றது. எதிரே ஒரு பெரிய பலகை. எங்கள் போட்டிக் கம்பெனி ஒன்று முந்திக்கொண்டு வேறொரு குடியிருப்பின் படத்தை மாட்டியிருந்தது. ஏரி, அன்னம், புல்வெளி.

"பாருங்க," என்றார் ஃபிக்ரி பே.

"பாத்துட்டேன்."

"நல்லாப் பாருங்க. அவசரமில்ல. வண்டி எப்படியும் நகராது."

லுத்ஃபிக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. "எதுக்கு பே?"

"எதுக்குன்னா... உங்களுக்கு ஒரு திறமை இருக்கு. ஆண்டவன் குடுத்தது. அதை ஆபீஸுக்குள்ளயே வீணடிக்கறீங்க." ஃபிக்ரி பே கண்ணாடியை இறக்கிவிட்டார். "மனசுல பட்டதைச் சொல்லுங்க. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை. மாஷா அல்லாஹ் மட்டும் வேணாம்."

லுத்ஃபி தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். நேர்மையாகவே முயன்றார் என்றுதான் சொல்லவேண்டும். முதலாளி ஒரு வேலை கொடுத்து ரொம்ப நாளாகியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"முடியல பே," என்றார் கடைசியில். "ஒரே கொத்து. வலப்பக்கமா சாய்ஞ்ச ஒரு தாளு, இங்கேருந்தே இருபது இடத்துல தெரியுது. இதைப் பாத்து எப்படி வயிறெரியும்?"

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்க."

"வர்லீங்களே. வயிறெரியணும்னா அந்தப் பொண்ணு புல்லைத்தான் காட்டணும்."

"அதைக் காட்ட மாட்டேன்," என்றார் ஃபிக்ரி பே. "அது நேத்தே அச்சுக்குப் போயாச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. போட்டி என்று ஒன்று வைத்திருந்ததையும், அதற்குத் தீர்ப்பு சொல்லவில்லை என்பதையும் மறந்துவிட்டிருந்தார். கண்ணாடியை மெல்ல ஏற்றினார்.

லுத்ஃபி கார் நகர்கிறவரை போட்டிக் கம்பெனியின் மோசமான புல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவாவது பாலத்தில் இருந்தது.

ரமலான் பிறந்தது. நார்மண்டி பலகை ஏறிவிட்டது என்று செய்தி வந்தது, நாங்கள் யாரும் இன்னும் பார்க்கவில்லை. யூஸ்தீனா லுத்ஃபியின் மேஜைக்கு வந்தாள்.

"பாஷா, ஒரு உதவி. இந்த மாசம் முழுக்க மெட்ரோல போங்களேன். டிக்கெட்டு நான் எடுத்துத் தர்றேன்."

"பாலத்துல போனா?"

"பலகை கீழ விழுந்துச்சுன்னா கீழ ஆளு இருக்கும்."

"எம்மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?" என்றார் லுத்ஃபி. கசப்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த அலுவலகத்தில் அவர் கையால் ஏதாவது ஆகும் என்று இப்போது நம்புகிறவள் அவள் ஒருத்திதான் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்ததுபோல் இருந்தது. 

"சரி, எப்படியும் ஒருநாள் பாக்கத்தான் போறீங்க," என்றாள். "எனக்குத் தெரியாமப் பாக்கறதுக்கு, என்னோடவே வந்து பாருங்க. ஆனா ஒரு நிபந்தனை. முதல்ல சொல்லிட்டு, அப்புறம்தான் கண்ணைத் திறக்கணும்."

அன்று சாயங்காலமே, நானும் ஒட்டிக்கொள்ள, மூவரும் மைக்ரோபஸ்ஸில் ஏறினோம். நோன்பு திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாலம் முழுவதும் பசித்தவர்களும், பசித்தவர்களின் ஹாரன்களும். யூஸ்தீனா கிறிஸ்தவப் பெண், அவளுக்கு நோன்பு இல்லை, ஆனாலும் எங்களுக்காகத் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். லுத்ஃபி ஜன்னலோரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தான்.

"ஹாஜிக்கு உடம்பு சரியில்லையா?"

"பிரார்த்தனை பண்றார்," என்றேன்.

"இன்னும் ஒரு வளைவு தாண்டினா தெரியும்," என்றாள் யூஸ்தீனா. "சொல்லுங்க பாஷா."

லுத்ஃபியின் தாடை அசைந்தது. வாய் திறக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அந்தப் புல் நல்ல புல் என்று ஆகிவிடும். ஒன்பது வருஷப் புல் எல்லாம் பில்லியர்ட்ஸ் மேஜையாகிவிடும். சொல்லாவிட்டால் அவர் எருமையைக் கொன்ற அத்தை. வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது.

"உன் புல்லுல..." என்றார் கண்ணைத் திறக்காமலே. "எவ்வளவோ தேடினேன். ஒரே கொத்து ரெண்டு தடவை எங்கயும் வரல. எப்படிச் செஞ்சே?"

"வருது பாஷா. மொத்தமே ஆறு கொத்துதான். நசுங்கின இடமும் தோலும் இருந்தா கண்ணு அங்கதான் போகும், மத்ததைத் தேடாது."

லுத்ஃபியின் மூடிய இமை துடித்தது. அவர் தேடிய அத்தனை பகல்களும் அதில் இருந்தன. பிறகு, பல்லைப் பிடுங்குகிறவன் முன்னால் வாயைத் திறப்பதுபோல் திறந்தார்.

"மாஷா அல்லாஹ்," என்றார். யாரும் கேட்காமலே இன்னொரு முறை, முதல் முறையைவிடச் சத்தமாகச் சொன்னார். முன்சீட்டில் இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து, எதற்கென்று தெரியாமலே தானும் சொன்னாள். லுத்ஃபியின் கன்னத்தில் நீர் இறங்கியது. அவர் கண்ணைத் திறந்தார். நாங்களும் பார்த்தோம்.

வீடுகளின் கூரைகள் இருந்தன. வானம் இருந்தது. நான் நட்ட பொன்முடிப் பெண்ணின் தலையும், ஒரு பலூனும் இருந்தன. இந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த பலகை நீளம் அதிகம், உயரம் குறைவு என்பதால், புல் இருந்த கீழ்ப்பாதியை வெட்டிவிட்டுத்தான் மாட்டியிருந்தார்கள்.